நீரில் இறங்கும் சாலை

நுழையும்முன்

இங்கிலாந்தின் பழைய மாவட்டங்களுள் மிகச் சிறியது ரட்லந்து. அங்குள்ள நீர்த்தேக்கத்தை மிதிவண்டியில் சுற்றிவந்த ஆசிரியர் ஒருவரின் அனுபவம் இப்பாடம். அந்த நீர்ப்பரப்பு அவருக்கு மேட்டூரை நினைவூட்டியது ஏன் என்பதையும் அவர் கூறுகிறார்.

ஐம்பத்து நான்காம் அகவையில் மீண்டும் மிதிவண்டி ஏறுவேன் என்று நான் எண்ணியதில்லை. பீட்டர்பரோ நகரில் பணியாற்றும் என் மகளைக் காண ஒரு மே மாத விடுமுறையில் சென்றிருந்தேன். சென்ற இரண்டாம் நாளே அவள் திட்டம் வகுத்துவிட்டாள்.

"ரட்லந்து ஏரியை முழுசா சுத்தினா 23 மைல்மா. நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற நிலத்தை விட்டுட்டா 17தான். உன் முழங்கால் தாங்குமா?"

கேட்ட விதத்திலேயே பதினேழுதான் எனக்கு உரியது என்ற முடிவு இருந்தது. நான் இருபத்து மூன்று என்றேன். அது 37 கிலோமீட்டர் என்பது சற்றுப் பிறகுதான் மனத்தில் பட்டது.

மிதிவண்டி எனக்குப் புதிதன்று. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வண்டியில் குரங்குப்பெடல் போட்டுப் பழகியவள் நான். மேல்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் ஆறு கிலோமீட்டர் சென்று ஆறு கிலோமீட்டர் திரும்பியிருக்கிறேன். பணியில் சேர்ந்தபின் பேருந்தும், பின்னர் இருசக்கர ஊர்தியும் வந்தன. என் பழைய மிதிவண்டி மாட்டுக்கொட்டகையின் சுவரில் சாய்ந்து துருப்பிடித்தது. அதனை யார் எடுத்துச் சென்றார்கள் என்பதுகூட நினைவில்லை.

ஸ்டாம்ஃபோர்டு, எம்பிங்கம் வழியாக விட்வெல் என்னும் சிற்றூரை அடைந்தோம். சில வீடுகளே உள்ள அவ்வூரின் பெயர்ப்பலகையில் பாரிசு மாநகரம் அதன் உடன்பிறப்பு நகரம் என்று எழுதியிருந்தது. ஊரார் பாரிசு மேயருக்கு மடல் எழுதினராம். குறித்த நாளுக்குள் மறுமொழி வராவிட்டால் இசைவு எனக் கொள்வோம் என்றும் அதில் குறிப்பிட்டனராம். மறுமொழி வரவில்லை. பலகை நின்றுவிட்டது.

வாடகை வண்டியின் கியர்களைப் புரிந்துகொள்ளவே கால் மணி நேரம் ஆயிற்று. நம் நாட்டைப் போலவே அங்கும் சாலையில் இடப்பக்கமே செல்ல வேண்டும் என்பது ஒன்றே ஆறுதல். முதல் நூறு அடி தள்ளாடினேன். பிறகு உடல் தன் பழைய பாடத்தைத் தானே ஒப்பித்தது.

மலையும் அருவியும் காண விரும்புபவர்கள் ரட்லந்துக்குச் செல்ல வேண்டியதில்லை. அங்கு நிலம் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்கிறது. வேலிகளில் ஹாதார்ன் முட்செடிகள் வெண்ணிறமாகப் பூத்திருந்தன. வெளிர்மஞ்சள் சுண்ணக்கல் வீடுகள், கல்லோடு வேய்ந்த கூரைகள், ஆடுகள், மீண்டும் ஆடுகள். ஆயினும் மிதிவண்டியின் வேகத்தில் செல்லும்போது அந்நிலம் ஒன்றைக் காட்டுகிறது. சில புல்வெளிகள் சமமாக இல்லை. அகன்ற அலைகளைப் போல வரிவரியாக உயர்ந்து தாழ்கின்றன. இடைக்கால உழவர்கள் எருது பூட்டி, மண்ணை நடுவரிசை நோக்கிப் புரட்டிப் புரட்டி உழுததால் உண்டான மேடுகள் அவை. பின்னாளில் நிலம் வேலியடைக்கப்பட்டு ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டது. மீண்டும் ஏர் படாததால் அந்தப் பழைய உழவு புல்லுக்கடியில் அப்படியே தங்கிவிட்டது. உழுதவர்களின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை.

பாதை பற்றியும் ஒரு சொல். குதிரைத்தடம் எனப்படும் ஊர்ப்புற வழிகளில் மிதிவண்டி செல்லும் உரிமையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வழங்கியது. நடைபாதைகளில் அவ்வுரிமை இல்லை. தனியார் நிலத்தின் நடுவே செல்லும் வழியிலும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்பதை ஒரு நாடு சட்டமாக எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பார்ன்ஸ்டேல் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். அதை மறைக்க விரும்பவில்லை. மகள் மேலே நின்று, காணாதவள்போல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்றம் கடந்ததும் ஏரி முழுமையாகத் தெரிந்தது. ஏரி என்று பழக்கத்தால் சொல்கிறேன்; அது இயற்கையாக உண்டானதன்று. பீட்டர்பரோ, நார்தாம்ப்டன் போன்ற நகரங்கள் வளர்ந்தபோது குடிநீர் போதவில்லை. 1970இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. குவாஷ் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கை எம்பிங்கத்திற்கு அருகில் அணையிட்டு மறித்தனர். அச்சிற்றாறு தரும் நீர் சிறிதளவே; வெல்லண்ட், நென் ஆகிய ஆறுகளிலிருந்து இறைத்துத்தான் அதனை நிரப்பினர். எழுபதுகளின் நடுவில் நீர் ஏறியது. அதே காலத்தில், 1974இல், ரட்லந்து தனி மாவட்டமாக இருப்பதையும் இழந்து லெஸ்டர்சயருடன் இணைக்கப்பட்டது. எம்பிங்கம் நீர்த்தேக்கம் என்று முதலில் குறிக்கப்பட்ட தண்ணீருக்கு ரட்லந்தின் பெயர் வந்தது. 1997இல் மாவட்டம் மீளும்வரை அப்பெயரைச் சுமந்தவற்றுள் இந்த நீரும் ஒன்று.

நீரின் நடுவே நீண்டு கிடக்கும் நிலமுனையில்தான் ஹாம்பிள்டன் ஊர் உள்ளது. முன்பு மேல், நடு, கீழ் என மூன்று ஹாம்பிள்டன்கள் இருந்தன. குன்றின்மேல் இருந்த மேல் ஹாம்பிள்டன் மட்டும் எஞ்சியது. மற்ற இரண்டும் பெரும்பாலும் இடிக்கப்பட்டு நீருள் சென்றன. தென்கரையில் பதினேழாம் நூற்றாண்டு மாளிகை ஒன்று தண்ணீரின் விளிம்பில், தப்பிப் பிழைத்த தோற்றத்தோடு நிற்கிறது. அதற்கு அருகில் ஊரிலிருந்து இறங்கிவரும் பழைய சாலை நேராக நீரை நோக்கிச் சென்று முடிகிறது.

அங்கே வண்டியை நிறுத்தினேன். நாயுடன் நடந்துவந்த எழுபதைக் கடந்த பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். சாலை எங்கே போகிறது என்று கேட்டேன். கேட்டபின்தான் அது அறிவற்ற வினாவாகத் தோன்றியது. அவர் அவ்வாறு கருதவில்லை. எதிர்க்கரையைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தப் பக்கம் ஏறும். சிறுமியாக இருந்தபோது மிதிவண்டியில் இந்த வழியாகத்தான் போவேன். கீழே ஒரு திருப்பம் உண்டு. அங்கே எப்போதும் சேறாக இருக்கும்."

ஐம்பது ஆண்டுகளாக நீருக்கடியில் இருக்கும் ஒரு திருப்பத்தின் சேற்றை அவர் நினைவில் வைத்திருந்தார். எனக்கு என் பாட்டியின் குரல் கேட்டது.

பாட்டி பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் போயிற்று. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையின் நீர்ப்பரப்பு பல ஊர்களை மூடியது. மக்கள் மேட்டுநிலங்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டி அப்போது சிறுமி. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஒரு கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது. பாட்டி என்னைப் பண்ணவாடிக்கு அழைத்துச் சென்றார். வெடித்துக் கிடந்த சேற்றுவெளியில் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி நின்றது. பாட்டி அதன் முன் நின்று திசை பார்த்தார். "நந்திக்குக் கெழக்கால மூணாவது வூடு நம்மளுது, கண்ணு" என்றார். அவர் காட்டிய இடத்தில் மண்தான் இருந்தது. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட அவர் எடுத்துவரவில்லை.

தஞ்சை அரிசி என்று சொல்லி எவரேனும் மூட்டை இறக்கினால், "நம்ம ஊரத் தின்னுட்டு வெளைஞ்ச நெல்லு" என்பார் பாட்டி. சொல்லிவிட்டு ஒரு மணியும் சிந்தாமல் அதைக் களைவார்.

இதனை அப்பெண்மணியிடம் சொன்னேன். என் ஆங்கிலத்தில் பாதிதான் வந்திருக்கும். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் பாட்டிக்கு ஓர் அடையாளமாவது இருந்தது. எங்களுக்கு நீர் வடிந்து பார்த்ததே இல்லை" என்றார்.

அதன்பின் நெடுந்தூரம் நானும் மகளும் பேசாமல் மிதித்தோம். எகிள்டன், மேன்டன், லிண்டன் ஆகிய ஊர்கள் கடந்தன. மேன்டனுக்கு அருகே நீரில் நட்ட கம்பத்தின்மேல் கூடு ஒன்று இருந்தது. விராலடிப்பான் பறவையின் கூடு அது. மீனை மட்டுமே உண்ணும் இப்பறவையின் குஞ்சுகளை 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து வளர்த்தனர். 2001இல் அவை இங்குக் குஞ்சு பொரித்தன. நடு இங்கிலாந்தில் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக நிகழாதது அது. மனிதர்கள் வெளியேறிய பள்ளத்தாக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் திரும்பும் பறவைகளுக்கு ஊராயிற்று. இதை எண்ணி மகிழ்வதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பெண்பறவை எழுந்து சிறகு விரித்தபோது மகிழத்தான் செய்தேன்.

நார்மன்டன் தேவாலயத்தைப் படங்களில் பார்த்திருந்தேன். பாதி நீரில் நிற்பதுபோன்ற அதன் கோபுரம்தான் இவ்வேரியின் அடையாளம். மக்கள் கிளர்ந்து காப்பாற்றிய கட்டடம் அது. கீழ்ப்பாதியைக் கல்லிட்டு நிரப்பித் தளத்தைச் சாளரங்களின் அளவுக்கு உயர்த்தினர். கரையிலிருந்து ஒரு பாலப்பாதையும் அமைத்தனர். இப்போது அங்குத் திருமணங்கள் நடக்கின்றன. அந்தத் தேவாலயத்தைச் சூழ்ந்திருக்க வேண்டிய நார்மன்டன் ஊர், அணைக்கு வெகுகாலம் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில் அகற்றப்பட்டிருந்தது. நிலக்கிழாரின் மாளிகைக்குப் பூங்கா அமைக்க ஊராரை எம்பிங்கத்திற்கு அனுப்பினர். குடிநீருக்காக ஊரை இழந்தவர்களிடம் ஒரு காரணமாவது சொல்லலாம். புல்வெளியின் அழகுக்காக இழந்தவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? கோபுரத்தைப் படம் பிடிக்க வரிசையில் நின்றோர் பலர். நான் படம் எடுக்கவில்லை.

அணை ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளம். மண்ணால் எழுப்பிப் புல் போர்த்தியிருப்பதால் அதுவும் ஒரு குன்றுபோலவே தோன்றுகிறது. எதிர்க்காற்று மிகுந்திருந்தது. கியரை முற்றிலும் தளர்த்திவிட்டு, நடப்பவர்களும் என்னை முந்தும் வேகத்தில் அதைக் கடந்தேன். விட்வெல்லை அடைந்தபோது மாலை ஐந்து மணி. வண்டியை ஒப்படைத்த பின்னும் தரை என் கால்களுக்கடியில் உருண்டுகொண்டிருந்தது.

இரவு வீட்டில் முழங்கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "இங்கே குடிநீர் எங்கிருந்து வருது?" என்று மகளிடம் கேட்டேன்.

"அங்கிருந்துதான்மா" என்றாள் அவள்.

குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்து நீட்டினாள். சிந்தாமல் வாங்கிக் குடித்தேன்.