கரண்ட் பில்லும் தண்ணி நடையும்

கிராம சபைக்குப் போகும்போது என் பையில் ஒரு படி கோலமாவும் கொஞ்சம் கூழாங்கல்லும் இருக்கும். வாயை மூடிக்கொண்டிருக்கும் பொறுமையும் வேண்டும். அதைப் பழகத்தான் எனக்கு வருஷங்கள் ஆயின.

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், முதல் தடவை 'காலநிலை மாற்றம்' என்று ஆரம்பித்தேன். மரியாதைக்குக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த தடவை, "சாமை விதைக்க இந்த வருஷம் மழை எப்ப வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். பொழுது சாயும் வரை பேச்சு ஓயவில்லை.

பேச்சு மட்டும் போதாது; ஊராட்சியை எது அசைக்கும்? மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. குடிநீர் மோட்டாருக்கு ஏறிக்கொண்டே போன கரண்ட் பில்தான் அதைத் தூண்டியது. உபரி மின்சாரம் மின்வாரியத்துக்குப் போய், வருமானமாகத் திரும்பி வந்தது.

கணக்கில் ஏறுவதுதான் ஊராட்சியை அசைக்கிறது. கரண்ட் பில் தானாகவே ஏறிவிடும். ஊற்று வற்றியதால் ஒரு பெண் கூடுதலாக நடக்கும் நடைக்கு யார் பில் போடுவது? 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம், புதூர்நாடு இருக்கும் திருப்பத்தூர் (2019இல் உருவானது) உட்பட, மாவட்டம்தோறும் ஆட்சியரைப் பொறுப்பாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த நடை கீழேயிருந்துதான் கணக்குக்கு வரவேண்டும்.

அதே மலைச் சிற்றூரில் கோலமாவால் தரையில் ஊரை வரைந்தோம். தடுப்பணை வரவேண்டிய இடத்தைக் குறிக்கும் கூழாங்கல்லை ஆண்கள் பாதையோரமாக வைத்தார்கள். ஒதுங்கி நின்ற ஓர் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வைங்கக்கா."

கல்லை எடுத்து, ஓடைக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டுபோய் வைத்தார். "இங்க தண்ணி நின்னாத்தான் சார் ஊத்து ஊறும். அங்க கட்டினா லாரிக்குத்தான் வசதி."

"இப்ப எத்தனை நடை போறீங்க?"

"கோடையில மூணு."

தீர்மானப் புத்தகத்தில் 'தடுப்பணை - 1' என்றிருந்ததை ஊராட்சிச் செயலர் அடித்தார். 'பெண்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு மேல்புறம் தடுப்பணை. தற்போது கோடையில் வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று நடை' என்று எழுதினார். என் தொழிலில் நான் பெருமைப்படும் வரி அது. அதில் ஒரு சொல்லும் என்னுடையதில்லை.

மதிப்பீடு போட வந்த ஓவர்சியர் தயங்கினார். "பாதை இல்லாத இடம். கல்லை எப்படி ஏத்துறது?"

அக்கா சிரித்தார். "கல்லு மேலதான் சார் கிடக்கு."