மூணு மணி நேர மருந்தும் நூறு வருஷ மருந்தும்

புளியங்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு எலுமிச்சைதான் ஞாபகம் வரும். ஊறுகாய்க்கென்று லாரி ஏறும் அந்தப் பழத்துக்குச் சித்த மருத்துவத்தில் வேறொரு வேலையும் உண்டு. இலிங்கம் என்கிற பாதரசச் சரக்கைச் சுத்தி செய்ய எலுமிச்சைச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு மூன்றையும் சம அளவில் கலந்து சுருக்குக் கொடுப்பார்கள். சரக்கைச் சூடாக்கி, கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டு வற்றவைப்பதுதான் சுருக்கு. சுத்தி இல்லாமல் மருந்தே கிடையாது. சுக்கென்றால் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயென்றால் கொட்டையை எடுக்க வேண்டும்.

அடுத்தது மருந்தின் ஆயுள். சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணம் 3 மாதம், லேகியம் 6 மாதம். செந்தூரத்துக்கு 75 வருஷம், பற்பத்துக்கு 100 வருஷம் என்று நூல்கள் சொல்கின்றன. சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது முதலில் எக்ஸ்பைரி டேட் பட்டியலாகத்தான் தெரிந்தது. யோசித்தால் அதில் ஒரு வேலைப் பங்கீடும் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் கெடும் கஷாயத்தை நோயாளி படுத்திருக்கும் வீட்டில்தான் காய்ச்ச முடியும். எங்க ஆச்சி அதைத்தான் செய்தாள். எட்டில் ஒன்றாக வற்றும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டாள்.

செந்தூரமும் பற்பமும் வைத்தியர் வேலை. அரைத்து, வில்லை தட்டி, காயவைத்து, அகலில் மூடிச் சீலைமண் பூசிப் புடம் போட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் வறட்டியின் எண்ணிக்கையே சூட்டின் அளவு. காடைப் புடத்துக்கு 1, கவுதாரிப் புடத்துக்கு 3, கோழிப் புடத்துக்கு 10, பன்றிப் புடத்துக்கு 50. உருவம் பெருக்கப் பெருக்க நெருப்பும் பெருக்கும்.

கொடுக்கும்போது அரிசி எடை, குன்றிமணி எடை என்றுதான் அளவு. குன்றிமணி எடை சுமார் 130 மில்லிகிராம். அதைத் தேனிலா, நெய்யிலா, இஞ்சிச் சாற்றிலா குழைப்பது என்பது நோயைப் பொறுத்தது. அதுதான் அனுபானம். கூடவே பத்தியம். சாப்பாடு, தூக்கம், வயிறு எல்லாவற்றையும் கேட்டுத்தான் வைத்தியர் அடுத்த பொட்டலம் மடிப்பார்.

போன மாதம் அப்பாவுக்குக் கூரியரில் ஒரு டப்பா வந்தது. சிவப்புத் தூள், மூட்டுவலிக்காம். உரிமம் வாங்கிய தயாரிப்பென்றால் லேபிளில் சரக்குகளின் பெயரும் பேட்ச் எண்ணும் இருந்தாக வேண்டும். இதில் ‘காலை, மாலை’ மட்டும் இருந்தது. அப்பா பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்.

“மூலிகைதானடா, என்ன செஞ்சிரும்?” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் ஆச்சி கேட்டாள்: “ஏல, குடுத்தவன் மூஞ்சியே தெரியாது. நாளைக்கு வயித்தால போச்சுன்னா யார்ட்டல போய்ச் சொல்லுவ?”

அப்பாவிடம் பதில் இல்லை. 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி எங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். திங்கட்கிழமை போகிறோம். டப்பாவையும் பிரஷர் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.