கிள்ளானிலிருந்து கேரித் தீவு வரை

தெங்கு கிளானா சாலையை அறியாத தமிழர் கிள்ளான் வட்டாரத்தில் இருக்கமாட்டார். தீபாவளி நெருங்கினால் துணிக்கடை, பூக்கடை, பலகாரக்கடை என்று அங்கே கால் வைக்க இடமிராது. கிள்ளானில்தான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. நாட்டிலேயே மாணவர் தொகை மிகுந்த தமிழ்ப்பள்ளிகளுள் அது ஒன்று.

கிள்ளானை விட்டுப் பந்திங் சாலையில் தெற்கே போனால் தெலுக் பங்லிமா காராங் வரும். அங்கிருந்து திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்ற மா மெரி பூர்வகுடி மக்கள் வாழும் தீவு இது. அவர்கள் கிராமங்களைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை செம்பனைதான். இங்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி உண்டு.

நகரத்துப் பள்ளியில் வகுப்பறை போதவில்லை என்பார்கள். தோட்டப்புறப் பள்ளிகளிலோ பிள்ளைகள் போதவில்லை என்பார்கள். இரண்டும் ஒரே பாடநூலைத்தான் படிக்கின்றன. பின் ஏன் இந்த வேற்றுமை?

பழைய கதையைச் சற்றுப் புரட்ட வேண்டும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. லயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிகள் முளைத்தன. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆனால் பள்ளி நின்ற மண் தோட்டத்துக்குச் சொந்தம்.

அந்த மண் கணக்குத்தான் இன்றும் நம்மைத் தொடர்கிறது. அரசாங்க நிலத்தில் உள்ள பள்ளி பொதுவாக முழு உதவி பெறும். தனியார் நிலத்தில் உள்ள பள்ளி பகுதி உதவிதான் பெறும். ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் அரசாங்கத்தினுடையது. ஆனால் கூரை ஒழுகினால், கழிவறை உடைந்தால், பகுதி உதவிப் பள்ளியின் வாரியமும் பெற்றோரும் நன்கொடைச் சீட்டோடு அலைய வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை. 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கென 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறப்பு நிதி என்பது வந்தால் மழை. முழு உதவி என்பது வாய்க்கால் தண்ணீர்.

இதற்கிடையே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள், பள்ளி பின்னாலேயே நின்றுவிட்டது. இன்று சுமார் 530 தமிழ்ப்பள்ளிகளே உள்ளன. அவற்றுள் பல, 150 பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள். தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியம், தலை குறைந்தால் தானும் குறைகிறது.

தாமானில் குடியிருக்கும் தாய்க்கு வீட்டருகே தேசியப் பள்ளி. தமிழ்ப்பள்ளிக்கோ வேன் காசு கட்ட வேண்டும். அவர் அருகில் இருப்பதைத் தேர்ந்தால், தமிழ்ப் பற்று இல்லை என்று நாம் ஏசுவது நியாயமா? பற்று இருந்தாலும் பேருந்துக் கட்டணம் அதை ஏற்றுக்கொள்ளாதே!

வழி இல்லாமல் இல்லை. ஆள் குறைந்த பள்ளியின் உரிமத்தை மக்கள் வாழும் இடத்துக்கு மாற்றலாம். கிள்ளான் வட்டாரத்திலேயே, செத்தியா ஆலாமில் உள்ள நார்த் ஹம்மோக் தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பாருங்கள். பெயரில் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் இருப்பதோ புது நகரம். ஆனால் புது இடத்துக்கு நிலம் வேண்டும். வீடமைப்புத் திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். வீடுகள் எழுந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது விருந்து, விளையாட்டுப் போட்டி பற்றிப் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: “நம் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது?”