ஏழு மாதங்கள்

கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி என்று யாராவது சொன்னால் மனம் 1966க்கு ஓடிவிடுகிறது. அந்த ஜனவரியில் அதிபர் ஜான்சன், நியூயார்க் தெற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தின் நீதிபதியாக, கறுப்பின வழக்குரைஞரான அவரை முன்மொழிந்தார். செனட் ஒப்புதல் கிடைத்தபோது ஆகஸ்ட் முடியும் தறுவாய். இடையில் ஏழு மாதங்கள். கோப்பை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தவர் நீதித்துறைக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். மிசிசிப்பிக்காரர். கம்யூனிஸ்ட் தொடர்பு என்று ஒரு பழியையும் சுமத்திப் பார்த்தார்.

மிசிசிப்பி மாட்லியை மறந்திருக்க முடியாது. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தது அவருடைய வாதம். அவரை மரியாதையோடு திருமதி மாட்லி என்று குறிப்பிட மனமில்லாமல் ‘அந்த மாட்லி பொம்பளை’ என்கிற தோரணையில் எழுதின ஜாக்சன் நகரத்து நாளிதழ்கள். அந்நாட்களில் அங்கே அவருக்குத் துணையாக இருந்த நண்பர் மெட்கர் எவர்ஸ், மறு வருடம் ஜூனில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடாது.

அதற்கு எத்தனையோ வருடம் முந்திய நியூ ஹேவன். மாட்லியின் அப்பாவும் அம்மாவும் நெவிஸ் தீவிலிருந்து வந்தவர்கள். அப்பா யேல் மாணவர் சங்கங்களுக்குச் சமைத்துப் போட்டார். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் ஒன்பதாவது. பதின்ம வயதில் ஒரு பொதுக் கடற்கரையில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் படிக்க ஆசை, கையில் காசில்லை. சமூகக் கூடமொன்றில் அந்தப் பெண் பேசியதைக் கேட்ட வெள்ளையர், கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்ற கட்டடத் தொழிலதிபர், படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதே சிவில் உரிமை வழக்குரைஞர் தர்குட் மார்ஷலின் அலுவலகத்தில் சேர்ந்தாயிற்று. பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்த பிரவுன் வழக்கின் தொடக்க மனுவை எழுதியதும் மாட்லிதான்.

அரசியலில் இருந்த காலத்தை வாழ்க்கைக் குறிப்புகள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. 1964 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயித்து நியூயார்க் மாநில செனட்டுக்குள் போன முதல் கறுப்பினப் பெண் அவர். அடுத்த வருடம் மன்ஹாட்டன் பரோவின் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஹார்லெமையும் கிழக்கு ஹார்லெமையும் சீரமைக்க ஏழு அம்சத் திட்டம் போட்டார். 1965 நவம்பர் தேர்தலில் டெமாக்ரட், ரிபப்ளிகன், லிபரல் மூன்று கட்சிகளும் அவரையே ஆதரித்தன. அதுவரை பிறர் கையிலிருந்த அதிகாரத்திடம் நியாயம் கேட்டுப் பழகியவருக்கு, மக்கள் வாக்கால் அதிகாரம் தன் கைக்கே வந்த காலம் அது. மூன்று கட்சிகள் ஏற்றுக்கொண்ட ஒருவரைத்தான் சில மாதம் கழித்து ஈஸ்ட்லண்ட் சந்தேகத்துக்குரியவர் என்றார்.

அந்தச் சந்தேகம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. 1975இல், பெண் வழக்குரைஞர்களிடம் பாகுபாடு காட்டியதாக வால் ஸ்ட்ரீட்டின் சல்லிவன் அண்ட் குரோம்வெல் நிறுவனத்தின் மேல் வழக்கு. விசாரிப்பவர் கறுப்பினப் பெண், அதுவும் பாகுபாட்டு வழக்குகளை நடத்தியவர். ஆகவே விலக வேண்டும் என்றது நிறுவனம். மாட்லி மறுத்தார். இனமும் பாலினமும் பின்னணியும் விலகக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் இந்த வழக்கையோ வேறு பலவற்றையோ கேட்க முடியாது என்பது அவர் பதில். எனக்கு இது அவருடைய தீர்ப்புகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. வெள்ளை ஆணுக்கும் ஒரு இனம் உண்டு, ஒரு பாலினம் உண்டு. அதை யாரும் கேள்வியாக்காததால்தான் அது நடுநிலை போலத் தெரிந்தது.

1978இல் தீர்ப்பானது மெலிசா லட்கி என்ற விளையாட்டு நிருபரின் வழக்கு. யாங்கீ மைதானத்தில் வீரர்களின் உடை மாற்றும் அறைக்குள் ஆண் நிருபர்கள் போகலாம், அவர் போகக் கூடாது. மைதானம் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம் என்பதை மாட்லி பிடித்துக்கொண்டார். பொதுச் சொத்தில் இந்தப் பாகுபாடு செல்லாது. வாசிக்கையில் அந்தக் கடற்கரைப் பெண் நினைவில் வராமல் போகவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடியவை பத்து, வென்றவை ஒன்பது. என் மனம் சுற்றுவது தோற்ற ஒன்றை. அலபாமாவில் மரண தண்டனை பெற்ற ராபர்ட் ஸ்வெயின் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு. ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட உட்காராதபடி அரசுத் தரப்பு எல்லோரையும் நீக்கியிருந்தது. 1964 டிசம்பரில் மாட்லி வாதாடினார், மாநில செனட்டராக இருந்துகொண்டே. 1965இல் தோற்றார். ஜூரிப் பெட்டியிலிருந்து அவர்களை எழுப்பியதும், பத்தாண்டு கழித்து அவரை நாற்காலியிலிருந்து எழச் சொன்னதும் ஒரே சந்தேகம்தான். 1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி மாறியது: இனத்தைப் பார்த்து ஜூரர்களை நீக்கினால் அந்த ஒரு வழக்கிலேயே கேள்வி கேட்கலாம். மாட்லி அப்போது அதே நியூயார்க் நீதிமன்றத்தில் இருந்தார். 2005இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.