பால் வீட்டிலேயே இருந்தது

எங்கள் கோவில்பட்டியில் ஆண் பிள்ளை இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் கதவு மூலையில் ஒரு ஹாக்கி மட்டை சாய்ந்திருக்கும். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் அடுத்தபடியாக இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த விளையாட்டுத்தான். 2022ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் எங்கள் ஊர்ப் பிள்ளை. அதிலிருந்து என் மகனுக்கும் மட்டையைக் கீழே வைக்க மனசே இல்லை.

2023 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம். அரிசி களைந்துகொண்டிருந்தேன். "எம்மா" என்று வாசலில் ஒரு குரல். என் மகன்தான். சட்டையெல்லாம் ரத்தம். கூட இரண்டு பையன்கள். "மட்டை பட்டுருச்சு அத்தை. பல்லு போயிருச்சு" என்றான் ஒருவன். இன்னொருவன் டவுசர் பையிலிருந்து ஒரு நோட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினான். பிரித்தால், வேரோடு முழுசாக மேல்வரிசை முன்பல்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாயைக் கொப்பளிக்க வைத்தேன். துணியைச் சுருட்டிக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். ரத்தம் மட்டுப்பட்டது. அதுவரை சரியாகத்தான் செய்தேன். பிறகு செய்ததுதான் தப்பு.

பல் டாக்டர் வீடு ஆட்டோவில் பத்து நிமிஷ தூரம். ஆனால் வீட்டில் இருந்தது நானூற்றுச் சொச்சம் ரூபாய். என் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் வேலை பார்த்த மில்லை ஜனவரி கடைசியில் விட்டுவிட்டு வேறு மில்லில் சேர்ந்திருந்தார். புது இடத்தில், "மூணு மாசம் போகட்டும், அப்புறம் இ.எஸ்.ஐ.யில் பேர் சேர்க்கலாம்" என்று சொல்லியிருந்தார்கள். பழைய மில் போனதோடு பழைய இ.எஸ்.ஐ.யும் போச்சு, புதுசு இன்னும் வரவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். "இந்த மூணு மாசம் யாருக்கும் நோய் நொடி வராம இருக்கணும் முருகா" என்று கழுகுமலையைப் பார்த்துக் கும்பிட்டது கூட உண்டு.

அவருக்குப் போன் போட்டேன். ஷிப்டில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், யாரும் எடுக்கவில்லை. கம்மலைக் கழற்றலாமா என்று யோசித்தேன். அடகுக்கடை மூடுகிற நேரம். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "எதுக்குத்தா பதறுத? சாணியில உருட்டிக் கூரையில எறி, முளைச்சிரும்" என்றார்கள். "அது பால் பல்லுக்கு ஆச்சி. இவனுக்குப் பன்னெண்டு வயசு" என்றேன். கடைசியில் எதிர்வீட்டு மதினி சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த மூவாயிரத்தைக் கொடுத்தாள். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது மணி ஆறரை. அடி பட்டது ஐந்து மணிக்கு. ஒன்றரை மணி நேரம்!

டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "பல் எங்கே?" என்றுதான். காகிதத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"பால்ல போட்டுக் கொண்டு வந்திருக்கலாமே. வீட்ல பால் இல்லையா?"

இருந்தது. ராத்திரிக் காப்பிக்கு என்று வாங்கிய அரை லிட்டர் பாக்கெட், பிரிக்காமல் ஃபிரிட்ஜில் இருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?"

தலையைக் குனிந்துகொண்டு பணம் புரட்டிய கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முதல்ல பிள்ளையைக் கொண்டு வந்திருக்க வேண்டாமா? காசு நாளைக்குத் தரேன்னா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். விழுந்த பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் உயிர் இருக்கும்வரை பல்லைத் திரும்ப வைத்தால் எலும்போடு நல்லபடியாகப் பிடித்துக்கொள்ளும். அரை மணிக்குள் வைத்தால் ரொம்ப நல்லது. காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் போனால் அந்தச் சவ்வு பெரும்பாலும் செத்துவிடும். அதற்குப் பிறகு வைத்தாலும் பல் நிற்கும். ஆனால் எலும்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். சில வருஷத்தில் பல் போய்விடலாம். "இருந்தாலும் வளர்ற பிள்ளை. பல் இருக்கிறவரை அந்த இடத்து எலும்பு குறையாது. வளர்ச்சி முடிஞ்சப்புறம் செயற்கைப் பல் யோசிக்கலாம்" என்று சொல்லி, பல்லை வைத்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார்.

அடி பட்டது மண் தரை என்பதால் அன்று ராத்திரியே அரசு ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசி போட்டோம். ஒரு பைசா வாங்கவில்லை. அங்கே பகலில் பல் டாக்டர் இருக்கிறார் என்பதும் அன்றுதான் என் புத்தியில் உறைத்தது. இ.எஸ்.ஐ. இல்லை என்றால் வைத்தியமே இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேனே!

இரண்டு வாரம் கம்பி. குழைந்த சாதம், கம்மங்கூழ், பருப்புக் கடைசல். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் டப்பாவை அலமாரி மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். கம்பியை எடுப்பதற்கு முன்பே வேர் சிகிச்சையும் தொடங்கியாயிற்று. மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். மதினி கடனை அடைக்க மூன்று மாதம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை! பழைய அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று கேட்க என் வீட்டுக்காரர் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் கணினியில் நம்பரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வைத்தியம் நிக்கவே இல்லையே, ஏன் வரலை?" என்று கேட்டாராம்! அப்போதிருந்த கணக்கு இதுதான்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா போயிருந்தால் போதும். வேலையை விட்டாலும் அந்தப் பலன் காலம் முடிகிறவரை குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. எங்களுக்கு 2023 டிசம்பர் வரைக்கும் இருந்திருக்கிறது! புது மில்லில் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும், பழைய நம்பரே தொடரும் என்றும் சொன்னார். அவசரத்துக்கு வெளியே செய்த செலவைக் கேட்டு வாங்கவும் வழி உண்டாம். ஆனால் ரசீது வேண்டும். நான் ரசீதே கேட்டு வாங்கவில்லை.

பதினாறு வருஷம் மாசாமாசம் சம்பளத்தில் பிடித்த பணம். அதில் என்ன உண்டு, எதுவரை உண்டு என்று ஒரு நாளாவது கேட்டோமா? இல்லாத ஓட்டையைப் பார்த்துப் பயந்து, இருந்த நேரத்தைத் தொலைத்தேன்.

சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

நிலைத்த பல் வேரோடு விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில நொடி அலசுங்கள். தேய்க்கவோ சோப்புப் போடவோ கூடாது. பிள்ளை நினைவோடு இருந்தால் பல்லை அதன் குழியிலேயே சரியான பக்கமாக வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் சூடில்லாத பாலில் போட்டுக் கொண்டு ஓடுங்கள். டீக்கடைக் கொதிக்கிற பால் ஆகாது. பால் கிடைக்காவிட்டால் பிள்ளையின் எச்சிலையே சின்னக் கிண்ணத்தில் துப்பச் சொல்லி அதில் போடலாம். வெறும் தண்ணீரிலோ காகிதத்திலோ வைக்காதீர்கள். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் முளைக்கிற பல் கெட்டுவிடும். அதற்கும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர் வேலை மாறினால், அந்த வாரமே பழைய அட்டையோடு மருந்தகத்துக்குப் போய், "எங்களுக்கு எதுவரை உண்டு?" என்று கேட்டு வாருங்கள். சட்டதிட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. அடுத்த வீட்டில் கேட்காதீர்கள், அங்கேயே கேளுங்கள்.

என் மகன் இப்போது என்னைவிட உயரம். வாயில் ரப்பர் கவசம் இல்லாமல் மைதானத்துக்குப் போவதில்லை. அந்தப் பல் இன்னும் இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது. எக்ஸ்ரேயில் வேர் கரைந்துகொண்டு வருகிறது. அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் சிரிக்கும்போது என் கண் மட்டும் நேராக அங்கேதான் போகும்.