வாஞ்சூர் எல்லையில் நிற்போம்

திருக்கோகர்ணத்திலிருந்து தஞ்சாவூர், நாகூர் வழியே காரைக்காலிலுள்ள சகோதரி இல்லத்திற்கு மூன்று தலைமுறையினரும் ஒரே வாகனத்தில் செல்லத் திட்டமிட்டோம். எங்கும் நில்லாமல் நண்பகலுக்குள் சேர்வது நம் கணக்கு. “நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் தாயார். அவருடைய முழங்கால் வலியை நாம் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

பின்னால் நிற்கும் முதியோரையும் பலவீனரையும் கருதித் தொழுகையை இலேசாக்குமாறு இமாமுக்குக் கூறும் நபிமொழியை மதரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பயணத்தில் அதனை மறந்தோம்.

திட்டத்தை மாற்றினோம். மணிக்கொருமுறை இறங்கி இளைப்பாறல். தஞ்சாவூரில் உணவு, கஸ்ராக லுஹர், தாயாருக்கு நாற்காலி.

இப்போது அவரே நாள் எண்ணுகிறார். 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வாஞ்சூர் எல்லையில் சுங்கச் சோதனையைச் சிறுமியாகக் கண்டவர் அவர். அவ்விடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். இன்ஷா அல்லாஹ், அங்கும் நிற்போம்.