கொழுந்துக்குக் கிடைத்த காற்று

பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்துபோன பழைய பஸ் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் அமைத்து, அதையே வீடாக்கிக்கொண்ட நண்பரோடு அவிசாவளையிலிருந்து மலையேறினேன். குளிர்சாதன இயந்திரம் பூட்டுவதற்கோ, அது ஓடுவதற்காக நின்ற இடத்திலும் எஞ்சினை இயக்கி டீசலை எரிப்பதற்கோ எங்களிடம் பணம் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்ற பூகோள சாஸ்திரத்தை நம்பி, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனை அடைந்தோம்.

ஆனால் சுமார் 1,270 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊரிலும், மேகமற்ற நடுப்பகலில் பஸ்ஸின் தகரக் கூரை சூரிய கிரணங்களை உறிஞ்சி, உள்ளேயிருந்த எங்களை வாட்டத் தவறவில்லை. அருகிலிருந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், காற்றில் பறக்காமலிருக்கக் கற்களும் பழைய டயர்களும் ஏற்றிய தகரங்களின் கீழே, சாக்குகளைப் பிரித்துத் தைத்து ஒரு முதியவர் உட்கூரை கட்டியிருந்தார். "தகரத்துக்கும் சாக்குக்கும் நடுவுல காத்து ஓடணுங்க ஐயா, ஒட்டிக் கட்டினா சூடு அப்படியே இறங்கிடும்" என்றார். அவர் சொற்படியே நாங்களும் இடைவெளி விட்டுச் சாக்கு கட்டினோம். கூரைக்கு மேலே வெள்ளையடித்தோம். உச்சியில் ஒரு திறப்பும், அதில் பன்னிரண்டு வோல்ட் சிறு விசிறியும் வைத்து, நிழற்பக்கத்து ஜன்னலைத் தாழத் திறந்தோம். சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே புகுந்தது. ஈரத்துணி தொங்கவிடும் உபாயம் மட்டும் பயன்படவில்லை. ஏற்கனவே நீராவி நிறைந்த காற்றில் ஈரம் உலர்ந்தால் அல்லவா குளிர்ச்சி பிறக்கும்!

தலவாக்கலையைத் தாண்டி, 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவை நோக்கிச் செல்கையில், வழியில் ஒரு தேயிலை ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தோம். முக்கால் பாகத்துக்கும் அதிகமாக நீரே அடங்கிய பச்சைக் கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்தி, இரவெல்லாம் வாட்டுகிறார்கள். அதற்காகவே உயர்ந்த தளங்கள், வரிசையான ஜன்னல்கள், பெரிய விசிறிகள். அந்தக் கொழுந்தைப் பறிப்பவர்களுக்கு வாய்த்ததோ, முதுகோடு முதுகு ஒட்டிய பழைய லயக் காம்பராக்கள். பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்கவும் இடமில்லை.

பகலில் கொதிக்கும் அதே தகரம் மலையகத்தின் இரவில் பனியாய்க் குளிரும். பஸ்காரர் வேறிடம் போகலாம், லயத்தார் போக முடியாது. ஆகவே, வெள்ளைப் பூச்சும் உட்கூரையும் காற்றுப் போக்கும் மலிவான உபாயங்கள் என்று அறிந்தவர்கள், அவற்றை உல்லாச வண்டிகளுக்குச் செய்யுமுன் லயங்களுக்குச் செய்துதர முன்வர வேண்டும்.